தாயக்கட்டை: அம்மா கண்டுபிடித்த பிழை

போன வைகுண்ட ஏகாதசி ராத்திரி அச்சரப்பாக்கத்தில் அம்மாவோடு கண் விழித்தேன். பக்தியால் விழித்தேன் என்று சொன்னால் பொய். மூன்று நாள் லீவு, மழையில் இன்டர்நெட் போய்விட்டது, தூக்கமும் வரவில்லை. பதினோரு மணி வாக்கில் அம்மா பீரோவைத் திறந்து ஒரு சுருக்குப் பையை எடுத்து வந்தார். உள்ளே இரண்டு பித்தளைத் தாயக்கட்டைகள். விரல் நீளம், முனை தேய்ந்து வழவழவென்று இருந்தன.

"ஆடலாம் வாடா. ரெண்டு பேர் இருந்தா போதும்."

சின்ன வயதில் இந்த வீட்டில் தாயம் என்றால் நாலு பக்கமும் ஆள் உட்காரும். அப்பா, பெரியம்மா, பக்கத்து வீட்டு ஆயா, அம்மா. காய் நகர்த்த உதவுகிறேன் என்று கலைத்துவிடுவதுதான் என் வேலை. அதனால் ஆட்டம் எனக்குத் தெரியும் என்றே நாற்பது வயது வரை நினைத்துக்கொண்டிருந்தேன். அன்று ராத்திரி நாலு ஆட்டம் ஆடினோம். நாலிலும் தோற்றேன். முதல் ஆட்டத்தில் தொடர்ச்சியாக 14 முறை எனக்குத் தாயமே விழவில்லை. சரி, அது அதிர்ஷ்டம். ஆனால் நாலுமா?

இந்தக் குறிப்பு அந்தக் கேள்வியிலிருந்து ஆரம்பித்தது.

கட்டமும் கட்டையும்

தெரியாதவர்களுக்காக முதலில் விதிகள். தாயத்துக்கு ஊருக்கு ஒரு விதி, ஏன், தெருவுக்கு ஒரு விதி. கீழே இருப்பது எங்கள் வீட்டு வழக்கம்.

தரையில் சாக்பீஸால் 7-க்கு 7 கட்டம் போடுங்கள். மொத்தம் 49. வெளிச் சுற்றில் 24 கட்டம், அதற்குள் 16, அதற்கும் உள்ளே 8, நடுவில் ஒன்று. வெளிச் சுற்றின் நாலு பக்கத்திலும் நடுக் கட்டத்தில் குறுக்குக் கோடு போட வேண்டும். அதற்கு மலை என்று பேர். மலையில் நிற்கும் காயை யாரும் வெட்ட முடியாது. இரண்டு பேர் ஆடினால் எதிரெதிரே உட்கார்ந்து, அவரவர் முன்னால் இருக்கிற மலையைச் சொந்த வீடாக வைத்துக்கொள்ள வேண்டும். ஆளுக்கு 4 காய். புளியங்கொட்டை, உடைந்த வளையல், சின்னக் கல், எதுவாக இருந்தாலும் சரி.

தாயம், அதாவது 1, விழுந்தால்தான் ஒரு காயை இறக்கலாம். இறங்கிய காய் வலது கைப் பக்கமாகக் கிளம்பி வெளிச் சுற்றை முழுசாகச் சுற்றி வரும். தன் மலைக்கு ஒரு கட்டம் முன்னால் உள்ளே திரும்பி, அடுத்த சுற்றை எதிர்த் திசையில் சுற்றி, கடைசியில் நடுக் கட்டத்துக்குப் போனால் அந்தக் காய் பழம். நாலு காயையும் முதலில் பழமாக்கியவர் ஜெயித்தார்.

எதிராளி காய் நிற்கும் கட்டத்தில் சரியாகப் போய் விழுந்தால் வெட்டு. வெட்டுப்பட்ட காய் மறுபடி தாயம் போட்டுத்தான் இறங்க வேண்டும். முக்கியமான விதி ஒன்று உண்டு: எதிராளியின் ஒரு காயையாவது வெட்டாமல் நீங்கள் உள்சுற்றுக்குள் நுழைய முடியாது. நாலு பேர் ஆட்டத்தில் மூன்று பேரில் யாரை வேண்டுமானாலும் வெட்டலாம். இரண்டு பேர் ஆட்டத்தில் எதிரே உட்கார்ந்திருப்பவரைத்தான் வெட்ட வேண்டும். வேறு வழி கிடையாது.

அடுத்து கட்டை. ஒவ்வொன்றுக்கும் நாலு நீளப் பக்கம். ஒன்று வெறுமை, மற்ற மூன்றில் 1, 2, 3 புள்ளிகள். இரண்டையும் சேர்த்து உருட்டிக் கூட்ட வேண்டும். இரண்டுமே வெறுமையாக விழுந்தால் பூஜ்யம் இல்லை, 12. ஆக விழக்கூடிய எண்கள் 1, 2, 3, 4, 5, 6, 12. இதில் 1, 5, 6, 12 விழுந்தால் மறுபடி உருட்டலாம். 2, 3, 4 விழுந்தால் கட்டையை எதிராளியிடம் கொடுத்துவிட வேண்டும். விழுந்த எண்களை எந்த வரிசையிலும், எந்தக் காய்க்கும் பயன்படுத்தலாம்.

நான் எழுதிய நிரல்

சென்னை திரும்பியதும் கை சும்மா இருக்கவில்லை. பைத்தானில் ஒரு சின்ன நிரல் எழுதினேன். அதை மொபைலில் ஆடும்படி மாற்றி, அடுத்த சனிக்கிழமை ரயிலேறி அம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். கட்டம் அழகாக இருந்தது. காய் தானாக நகர்ந்தது. கட்டை உருளும் சத்தம்கூட வைத்திருந்தேன்.

அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு பத்து நிமிஷம் ஆடினார். பிறகு போனைக் கீழே வைத்துவிட்டார்.

"இது தாயம் இல்லடா."

"ஏம்மா? எல்லா விதியும் நீ சொன்னதுதானே?"

"பன்னெண்டு இத்தனை வாட்டி விழுமா? நீ இன்னா உருட்டுற இதுல?"

நிரலைத் திறந்து பார்த்தேன். ஏழு எண்களை ஒரு பட்டியலில் போட்டு, அதிலிருந்து ஏதாவது ஒன்றை எடு என்று எழுதியிருந்தேன். ஏழுக்கும் சம வாய்ப்பு. லூடோ பகடையை மனதில் வைத்துக்கொண்டு எழுதியிருக்கிறேன். இருபது வருஷமாக நிரல் எழுதுகிறவன் கவனிக்காததை, அம்மா பத்து நிமிஷத்தில் பிடித்துவிட்டார். அதுவும் நிரலைப் பார்க்காமல், காய் நகர்வதை மட்டும் பார்த்து.

பதினாறு விழுகை

ஒரு கட்டைக்கு நாலு பக்கம், இரண்டு கட்டைக்கு 4 × 4 = 16 விழுகை. ஒவ்வொரு எண்ணும் அதில் எத்தனை தடவை வருகிறது என்று எண்ணிப் பாருங்கள்:

12 — 1 வழி (வெறுமையும் வெறுமையும்)
1 — 2 வழி
2 — 3 வழி
3 — 4 வழி
4 — 3 வழி
5 — 2 வழி
6 — 1 வழி

கூட்டினால் 16. நடுவில் 3 உச்சம், இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இறங்குகிறது. 12 விழுவது 16-க்கு ஒரு தடவை. என் நிரலில் அது 7-க்கு ஒரு தடவை விழுந்துகொண்டிருந்தது. அம்மாவின் கண்ணில் உறுத்தியது அதுதான்.

இதிலிருந்து இன்னும் இரண்டு கணக்கு. 16 விழுகையில் 6 மறுபடி உருட்ட விடும், 10 முறையை முடித்துவிடும். ஆக ஒருவர் தன் முறையில் சராசரியாக 16 ÷ 10 = 1.6 தடவை உருட்டுகிறார். ஒரு உருட்டலின் சராசரி 60 ÷ 16 = 3.75. பெருக்கினால் 3.75 × 1.6 = 6. சரியாக ஆறு. வெளிச் சுற்றில் ஒரு மலையிலிருந்து அடுத்த மலைக்கு எத்தனை கட்டம்? அதுவும் ஆறு. இதை யாரோ திட்டமிட்டு வைத்தார்கள் என்று சொல்ல வரவில்லை. ஆனால் பார்த்தபோது மனசுக்கு நிறைவாக இருந்தது. என் பிழையான நிரலில் இதே கணக்கைப் போட்டால் ஒரு முறைக்கு 11 கட்டம் வருகிறது. ஏறக்குறைய இரட்டை வேகம். காய்கள் ஒன்றை ஒன்று நெருங்குவதற்குள் தாண்டி ஓடிவிடும்.

அடுத்தது தாயம் விழும் வாய்ப்பு. 5, 6, 12 விழுந்தால் மறுபடி உருட்டப் போகிறோம் என்பதால் அவற்றை ஒதுக்கிவிடலாம். மிச்சம் 12 விழுகை. அதில் 2 தாயம், 10 முறையை முடித்துவிடும். ஆக ஒரு முறையில் தாயம் விழும் வாய்ப்பு 12-ல் 2, அதாவது ஆறில் ஒன்று. 14 முறை தொடர்ந்து விழாமல் போவது சுமார் 8 சதவீதம். பதிமூன்று ஆட்டத்துக்கு ஒரு தடவை அப்படி நடக்கலாம். அன்று ராத்திரி என் தலையெழுத்து என்று நினைத்தது, அப்படியொன்றும் அபூர்வம் இல்லை.

எங்கே நிற்பது

சரி, முதல் ஆட்டம் அதிர்ஷ்டம். மற்ற மூன்று ஆட்டம்?

மலையிலிருந்து மலைக்கு ஒரே முறையில் சரியாக ஆறு போட்டுத் தாவிவிட்டால் ஆபத்தே இல்லை. ஆனால் அதற்கான வாய்ப்பு 13 சதவீதம்தான். ஆகவே பெரும்பாலும் வெட்டவெளியில் நின்றுதான் ஆக வேண்டும். எங்கே நிற்பது என்பதில்தான் ஆட்டமே இருக்கிறது.

நான் என்ன செய்தேன்? அம்மாவின் காய்க்கு ஒரு கட்டம் முன்னால் நிற்கப் பயந்தேன். கிட்டே நின்றால் வெட்டிவிடுவார் என்று இரண்டு, மூன்று கட்டம் தள்ளித் தள்ளி நின்றேன். அம்மா நேர் எதிர். என் காய்க்கு முன்னால் ஒட்டி, மூக்கை உரசுவது மாதிரி கொண்டுவந்து நிறுத்துவார். வயசாகிவிட்டது, கவனிக்கவில்லை போல என்று நினைத்தேன்.

எதிராளியின் காய் உங்களுக்குப் பின்னால் இத்தனை கட்டத்தில் இருந்தால், அடுத்த முறையில் உங்களை வெட்டும் வாய்ப்பு எவ்வளவு? மறு உருட்டல்கள், இரண்டு எண்ணைச் சேர்த்து நகர்த்துவது எல்லாவற்றையும் கணக்கில் எடுத்தேன்:

1 கட்டம் பின்னால் — 17 சதவீதம்
2 கட்டம் — 32
3 கட்டம் — 45
4 கட்டம் — 37.5
5 கட்டம் — 21
6 கட்டம் — 13

மூன்று கட்டம் தள்ளி நிற்பதுதான் இருப்பதிலேயே மோசமான இடம். ஏறக்குறைய பாதிக்குப் பாதி உயிர் போகும். ஒட்டி நின்றால் ஆறில் ஒன்றுதான், ஏனென்றால் அவருக்குத் தாயம் விழ வேண்டும். ஆறு கட்டம் ஓடிப்போய் நிற்பதும் ஒட்டி நிற்பதும் பாதுகாப்பில் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

இதற்கு மேலே ஒரு லாபமும் இருக்கிறது. அம்மா எனக்கு ஒரு கட்டம் முன்னால் நிற்கிறார். எனக்கு அதிகமாக விழக்கூடியது 2, 3, 4. எது விழுந்தாலும், அந்தக் காயை நகர்த்தினால் நான் அம்மாவைத் தாண்டிவிடுகிறேன். 3 விழுந்தால் அவருக்கு இரண்டு கட்டம் முன்னால், 4 விழுந்தால் மூன்று கட்டம் முன்னால். அதாவது நானே நடந்து போய் அவர் வெட்டுவதற்கு வசதியான இடத்தில் நிற்கிறேன். வெட்டினால்தான் உள்ளே போக முடியும் என்ற விதி இருப்பதால், அவர் ஓடி ஒளிய வேண்டியதில்லை. என்னை முன்னால் போகவிட்டுப் பின்னால் இருந்தால் போதும். நாலு ஆட்டமும் இப்படித்தான் போயிருக்கிறது.

கணக்கையெல்லாம் நோட்டில் எழுதி எடுத்துக்கொண்டு போய் அம்மாவிடம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்.

"மூணுதான்டா அடிக்கடி விழும். இது தெரியாதா? எங்க ஆயா சொல்லும், ஒட்டி நின்னா பொழைச்ச, எட்டி நின்னா செத்தன்னு."

அவ்வளவுதான். என்னுடைய ஒரு வார வேலை அவர்கள் வீட்டில் ஒரு வரி. ஆனால் அந்த வரி ஏன் சரி என்று இப்போது எனக்குத் தெரியும். நீங்களும் பேப்பரில் போட்டுப் பார்க்கலாம்.

சோழியிலும் அதே மலை

அம்மா பிறந்த வீட்டில் பித்தளைக் கட்டை கிடையாதாம். ஆறு சோழி. வாய் மேலே பார்த்து விழுந்த சோழிகளை எண்ண வேண்டும். ஆறும் கவிழ்ந்து விழுந்தால் 12. கவனியுங்கள், அதே ஏழு எண்கள்: 1 முதல் 6, பிறகு 12. சோழி இரண்டு பக்கமும் சமமாக விழும் என்று வைத்துக்கொண்டால் 64 விழுகை. 12-க்கு 1, பிறகு 1 முதல் 6 வரை முறையே 6, 15, 20, 15, 6, 1. இங்கும் 3-ல் உச்சம், இரண்டு பக்கமும் சமமான சரிவு. நிஜச் சோழி சரிபாதியாக விழாது, அதனால் எண்கள் கொஞ்சம் மாறும். ஆனால் வடிவம் அதேதான். அதனால் சோழியில் ஆடிப் பழகிய அம்மாவின் கை, கல்யாணமாகி வந்து பித்தளைக் கட்டையைத் தொட்டபோது புதிதாக எதையும் கற்க வேண்டியிருக்கவில்லை.

நான் செய்த பிழையை எனக்கு முன்னாலேயே ஒருவர் காப்புரிமை வாங்கிச் செய்திருக்கிறார். வட இந்தியாவின் பச்சீசி சோழி உருட்டி ஆடும் ஆட்டம். இருபத்தைந்து என்ற பெரிய விழுகையால் அதற்கு அந்தப் பேர். ஃபதேபூர் சிக்ரியில் அக்பர் அரண்மனை முற்றத்திலேயே அந்தக் கட்டம் இருக்கிறது. இங்கிலாந்தில் ஆல்ஃபிரட் கோலியர் என்பவர் அதைச் சுருக்கி 'ராயல் லூடோ' என்று பதிவு செய்தார். சோழி போய் ஒற்றைப் பகடை வந்தது. ஆறு எண்ணுக்கும் சம வாய்ப்பு. அந்த நொடியில் ஒட்டி நிற்பது, எட்டி நிற்பது என்ற வித்தியாசம் ஏறக்குறைய காணாமல் போய்விட்டது. ஒரு கட்டம் பின்னால் இருந்தாலும் மூன்று கட்டம் பின்னால் இருந்தாலும் ஒரு உருட்டில் வெட்டும் வாய்ப்பு ஆறில் ஒன்றுதான். லூடோ குழந்தைகளுக்கான ஆட்டம் என்று நாம் நினைப்பதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம்.

ஆறு பக்கப் பகடை வெள்ளைக்காரன் கொண்டுவந்தது என்று இதற்கு அர்த்தம் இல்லை. கீழடி அகழாய்வில் சுடுமண்ணிலும் தந்தத்திலும் செய்த பகடைகள் கிடைத்திருக்கின்றன. திருக்குறளில் சூதுக்கென்று ஒரு அதிகாரமே உண்டு, பகடைக்கு வள்ளுவர் வைத்த சொல் 'கவறு'. நம்மிடம் எல்லா வகையும் இருந்தது. எந்த ஆட்டத்துக்கு எந்தக் கட்டை என்பதும் ஆடியவர்களுக்குத் தெரிந்திருந்தது.

தாயம் என்ற சொல்லுக்குப் பரம்பரைச் சொத்து, பங்கு என்றும் பொருள் இருக்கிறது. தாயாதி என்கிறோமே, அந்தத் தாயம். தாத்தா வீட்டுத் திண்ணையில் கல்லிலேயே ஒரு தாயக் கட்டம் செதுக்கியிருந்தது. பாகப்பிரிவினையில் அந்த வீடு தாயாதிகளுக்குப் போய், இடித்துக் கட்டியபோது திண்ணையும் போய்விட்டது. ரொம்ப நாள் அந்தக் கல்லைப் பற்றி எனக்கு வருத்தம் இருந்தது. இப்போது அவ்வளவு இல்லை. கட்டம் இரண்டு நிமிஷத்தில் சாக்பீஸால் போட்டுவிடலாம். கட்டம் சரியாக இருந்து கட்டை தவறாக இருந்தால்தான் ஆட்டம் செத்துப்போகும். என் மொபைல் நிரலில் அதுதான் நடந்தது. பார்ப்பதற்குத் தாயம், உள்ளே லூடோ. அதில் பழகும் ஒரு குழந்தைக்கு, 'ஒட்டி நின்னா பொழைச்ச' என்ற வரியின் அருமை புரிய வழியே இல்லை.

நீங்கள் ஆட

இரண்டு பேர் ஆட இரண்டு கட்டையும் ஒரு சாக்பீஸும் போதும். கட்டை பாத்திரக் கடையில், கோயில் வாசல் கடைகளில் கிடைக்கும். வாங்கும்போது உள்ளங்கையில் தேய்த்துத் தரையில் உருட்டிப் பாருங்கள். ஒரே பக்கமாகவே விழுந்தால் வேறு கேளுங்கள், மேலே சொன்ன கணக்கெல்லாம் நேர்மையான கட்டைக்குத்தான். ஆட ஆரம்பிப்பதற்கு முன்னால் மூன்று விஷயத்தைப் பேசி முடித்துவிடுங்கள்: எந்த எண்ணுக்கு மறு உருட்டு, வெட்டினால் மறு உருட்டு உண்டா, வெட்டாமல் உள்ளே போகலாமா. பாதிச் சண்டை அதில் தீர்ந்துவிடும். மீதிச் சண்டை ஆட்டத்தின் சுகம்.

வீட்டில் பெரியவர்கள் இருந்தால் விதி என்ன என்று வாயால் கேட்காதீர்கள். அம்மாவிடம் "எந்தக் கட்டத்தில் உள்ளே திரும்ப வேண்டும்" என்று போனில் கேட்டபோது அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. கட்டத்தைப் போட்டுக் காயைக் கையில் கொடுத்ததும் கை தானாகத் திரும்பியது. கட்டையைக் கொடுத்து எதிரே உட்காருங்கள். நிறையத் தோற்றுப் போங்கள். எந்த ஊர், யார் வீட்டு வழக்கம் என்பதோடு சேர்த்து ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

நிரலைத் திருத்திவிட்டேன். ஒரே ஒரு வரிதான் மாறியது. ஏழு எண்களிலிருந்து ஒன்றை எடுப்பதற்குப் பதிலாக, 0 முதல் 3 வரை இரண்டு தடவை எடுத்துக் கூட்டு, இரண்டும் 0 என்றால் 12 என்று வை. போன வாரம் அம்மாவிடம் மறுபடி கொடுத்தேன். அரை மணி நேரம் ஆடினார்.

"இப்ப சரியா விழுது" என்றார். பிறகு போனை என்னிடம் நீட்டிவிட்டுச் சுருக்குப் பையை அவிழ்த்தார். "இதை நீ வெச்சுக்க. நாம கட்டையில ஆடுவோம்."

ஒட்டி ஒட்டி நின்று பார்த்தேன். மூன்றில் ஒரு ஆட்டம் ஜெயித்தேன்.